மீன் தெரியாத தேத்தண்ணி

நான் ஊற்றிய தேத்தண்ணிகளிலேயே பெரியது எட்டு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் இருந்தது. அதற்குள் ஆறு தங்கமீன்கள் இருந்தன. மீன்கள் என்னுடையவை அல்ல. தேயிலைத் தூள் தோட்டத்துக்குச் சொந்தம், குளம் என் மேலதிகாரிக்குச் சொந்தம். (எனக்கென்று அங்கே இருந்தது பயம் மட்டும்தான்.)

எழுபதுகளின் கடைசி அது. பெரகல சந்தியிலிருந்து மேலே ஏறிப் போனால் வரும் ஒரு தோட்டத்தில், தேயிலை ஃபெக்டரியில் எனக்குப் புதிதாக உத்தியோகம் கிடைத்திருந்தது. அப்பா அதே தோட்டத்தில் கங்காணி. தொழிலாளர் லயத்தில் பிறந்த ஒருவன் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஃபெக்டரிக்குள் நிற்பது எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிறகு ஃபெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் ஒரு கடிதம் எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மலைக்கு மண்வெட்டி தூக்க வேண்டியதுதான். அந்தக் கடிதத்துக்காக அம்மா முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். (என்ன நேர்த்தி என்று கேட்டேன், சொல்லவில்லை. என் தலைமுடி சம்பந்தப்பட்டது என்று பிறகுதான் தெரிந்தது.)

கடிதம் எழுத வேண்டியவர் கனகசபை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். ஃபெக்டரிக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, என் பயத்துக்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதி அவருடைய வாய். காலையில் தூள் மாதிரிகளைப் பால் கலக்காத சாயமாக ஊற்றி வெள்ளைக் கோப்பைகளில் வரிசையாக வைப்போம். ஐயா ஒரு கரண்டி எடுத்து, ஃபெக்டரி முழுவதும் கேட்கும்படி 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்புவார். பிறகு அமைதியாகச் சொல்வார்.

"செவ்வாய்க்கிழமை அரைச்சது. இலை சூடாகியிருக்கு. ஆர் பக்கத்தில நிண்டது?"

பெரும்பாலும் நான்தான் நின்றிருப்பேன். அந்த உறிஞ்சும் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் எழுந்து விறைத்து நின்றுவிடுவேன்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. பிள்ளைகள் இல்லாத வீடு. குவாட்டர்ஸின் பின்பக்கம் சீமெந்தில் ஒரு குளம் கட்டி, அவருடைய தம்பி கொழும்பிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஆறு தங்கமீன்களை வளர்த்தார். அதில் குண்டாக இருந்ததற்குத் தேயிலை ரகம் ஒன்றின் பெயரையே வைத்திருந்தார்: பீக்கோ. வேலை முடிந்ததும் குளக்கரையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பீக்கோவோடு பேசுவார். மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர்தான் குளத்துக்கும் வரும். மழைக்காலத்தில் மண்ணும் பாசியும் சேர்ந்து குளம் பச்சைக் குழம்பாகிவிடும்.

"பீக்கோவைக் கண்டு ஒரு கிழமை ஆச்சு," என்றார் ஒருநாள், கோப்பைகளுக்கு முன்னால் நின்று. குரல் இறங்கியிருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"ஒரு ஃபில்டர் வச்சா சரியாயிரும்ங்க ஐயா. நான் செஞ்சு தாறேன்."

ஃபில்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்த ஒரு படம். மேலே கூழாங்கல், நடுவில் மணல், அதற்குக் கீழே கரி. அதற்கும் கீழே என்ன என்று தெரியாது. எனக்கு முன்னால் அந்தப் புத்தகத்தை வைத்திருந்தவன் பக்கத்தின் அடிப்பாகத்தைக் கிழித்திருந்தான்.

பழைய எண்ணெய் டிரம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். அடியில் துளை போட்டேன். ஓடையில் கல்லும் மணலும் அள்ளினேன், அடுப்படியில் கரி எடுத்தேன். குழாய்த் தண்ணீர் டிரம்முக்குள் விழுந்து, அடியால் வடிந்து குளத்துக்குப் போகும்படி வைத்தேன். பெருமையோடு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். மறுநாள் போனால், டீமேக்கரின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். கரித்தூள் முழுவதும் குளத்துக்குள் இறங்கியிருந்தது.

"தம்பி, பச்சையாக் கிடந்த தண்ணி இப்ப கறுப்பாக் கிடக்கு. அடுத்தது என்ன நிறம்?"

"நாளைக்குச் சரியாயிரும்ங்கம்மா."

கிழிந்த பகுதியில் இருந்திருக்க வேண்டியது பஞ்சு என்று அப்போதுதான் மூளைக்கு எட்டியது. தோட்டத்து மருந்துச் சாலைக்கு ஓடினேன். காயத்தைக் காட்டினால் பஞ்சு தருவதாகச் சொன்னார்கள். பண்டாரவளைக் கடைக்குப் போக ஒருநாள் வேண்டும், எனக்கோ பொறுமை இல்லை. சனிக்கிழமை மதியம், தூள் சலிக்கும் அறையில் அண்ணாந்து பார்த்தேன். உத்தரமெல்லாம் பஞ்சு.

தூளைச் சலிக்கும்போது மெல்லிய பொன்னிறப் பஞ்சு பறக்கும். சுவரிலும் உத்தரத்திலும் படியும். சனிக்கிழமைகளில் அதைக் கூட்டி அள்ளி, சுண்ணாம்பைக் கலந்து புதைத்துவிடுவார்கள். வெளியே போனால் யாராவது நல்ல தூளோடு கலந்து விற்றுவிடுவார்கள் என்ற பயம். அதனால் அந்தக் குப்பையில் ஒரு பிடி எடுத்தாலும் தேயிலைத் திருட்டுத்தான். வேலை போகும், பொலிசும் வரும். இது எனக்குத் தெரியாதது அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாசித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஆனால் இது தேயிலை இல்லையே, தேயிலையின் மயிர்தானே என்று எனக்கு நானே வக்கீலாகி வாதாடி, நானே நீதிபதியாகி விடுதலையும் செய்தேன்.

பஞ்சை அள்ளி ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது காவல்கார முத்தையா அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா தம்பி, காலையில ஒல்லியா போனீங்க?"

"கேண்டீன் சாப்பாடுங்கண்ணே."

எங்கள் ஃபெக்டரியில் கேண்டீனே கிடையாது. அவர் அதை யோசித்து முடிப்பதற்குள் நான் இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் அரித்தது. டிரம்மைக் கவிழ்த்து, அடியில் பஞ்சை நன்றாக அமுக்கி, மேலே கரி, மணல், கல் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். ஐயாவும் அவர் மனைவியும் பதுளையில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஞாயிறு பின்னேரம் வரும்போது குளம் கண்ணாடி போலிருக்கும், திங்கட்கிழமை கடிதம் கையில் இருக்கும். கணக்கு அதுதான்.

ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன்.

உத்தரத்தில் பஞ்சோடு டஸ்ட் என்கிற நல்ல பொடித் தேயிலையும் சேர்ந்து படிந்திருக்கிறது. இரவு முழுவதும் அதன் வழியாகத் தண்ணீர் வடிந்திருக்கிறது. குளம் நிறையச் சாயம். செம்பழுப்பு நிறத்தில், தெளிவாக, வாசனையாக இருந்தது. (உண்மையைச் சொன்னால், ஃபெக்டரியில் நான் போட்ட எதற்கும் அப்படி ஒரு நிறம் வந்ததில்லை.)

திருட்டை ஒளித்து வைக்கலாம். எட்டு அடி நீளத் திருட்டை எங்கே ஒளிப்பது? மீன்கள் உயிரோடு இருக்கின்றனவா என்றும் தெரியவில்லை. பாண் ரொட்டித் துண்டைப் போட்டேன், எதுவும் மேலே வரவில்லை. கையை விட்டுத் துழாவினேன், ஏதோ வழுவழுப்பாகப் பட்டது, கையை இழுத்துக்கொண்டேன். டிரம்மை இழுத்து எறிந்துவிட்டு வாளியால் இறைத்தேன். நூறு வாளி இறைத்தும் நிறம் குறையவில்லை. மத்தியானம் லயத்திலிருந்து என் அம்மா சாயத் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். கோப்பைக்குள் பார்த்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

நாலு மணிக்கு ஜீப் சத்தம். பொலிஸ் என்றே நினைத்தேன். எட்டிப் பார்த்தால் தோட்ட நிர்வாகி துரையின் ஜீப். பெரகல சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கிய ஐயாவையும் அவர் மனைவியையும் துரை ஏற்றி வந்திருக்கிறார். வந்தவர், மீனையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று இறங்கிவிட்டார். மூன்று பேரும் பின்பக்கம் வந்தார்கள். நான் வாளியோடு நின்றேன்.

ஐயா குளத்தைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் ஒரு வாய் அள்ளி, 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சினார். உருட்டினார். பக்கத்தில் துப்பினார். என்னை நிமிர்ந்து பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"டஸ்ட். எங்கட ஃபெக்டரி."

என் கதை முடிந்தது என்று நினைத்தபோதுதான் அவருடைய கையைக் கவனித்தேன். சாயக் கறையை உடுப்பில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஃபெக்டரித் தூள் டீமேக்கர் வீட்டுக் கொல்லையில் கிடந்தால் உலகம் யாரைத் திருடன் என்று சொல்லும்? இருபத்தைந்து வருட உத்தியோகத்தை நான் ஒரு ஸ்வெட்டருக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவரை எனக்காகத்தான் பயந்தேன். அந்தக் கையைப் பார்த்தபிறகு வந்த பயம் வேறு. அதில் வெட்கமும் இருந்தது.

"என்ன டீமேக்கர், தண்ணி இப்படி?" என்றார் துரை. அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மருந்து சேர்," என்றார் பொய்யே சொல்லாத கனகசபை ஐயா. "மீனுக்குச் செதில் வருத்தம். மரப்பட்டை அவிச்சு ஊத்தினது."

"மீன் எங்க?"

துரை குனிந்து முகர்ந்தார். இன்னும் ஆழமாக ஒருதரம் முகர்ந்தார். அந்த நேரம் பார்த்து, குளத்தின் நடுவில் ஒரு வட்டம் விழுந்தது. பீக்கோ மேலே வந்து, காலையில் நான் போட்ட பாண் துண்டை நிதானமாகக் கௌவிக்கொண்டு போனது. டீமேக்கரின் மனைவி "முருகா" என்று சொல்லி முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

துரை நேரே ஜீப்புக்குப் போனார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"நல்ல மருந்து டீமேக்கர். பால் மட்டும் ஊத்த வேணாம்."

ஜீப் வளைவில் மறையும் வரை ஐயா அசையவில்லை. பிறகு, "எப்பிடி வெளியில கொண்டு வந்தனீர்?" என்று கேட்டார். நான் ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டினேன். வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"நாளையில இருந்து ஸ்வெட்டர் போடாமல் வேலைக்கு வாரும்."

அவ்வளவுதான் தண்டனை. அந்த மலையின் பனியில் மிச்சம் மூன்று மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடிதமும் வந்தது, மொட்டையும் போட்டார்கள். குளத்தை முழுதாக இறைத்தபோது ஆறு மீன்களும் உயிரோடு இருந்தன. டிரம்மின் அடியில் என்ன வைப்பது என்ற பிரச்சினையை டீமேக்கரின் மனைவி தீர்த்தார். பழைய மெத்தையிலிருந்து ஒரு பிடி தென்னந்தும்பு நாரைப் பிய்த்துக் கொடுத்து, "இவ்வளவுதானே தம்பி, என்னட்டக் கேட்டிருக்கலாமே," என்றார்.

அவர்தான் என் கல்யாணத்தன்று மணப்பெண்ணின் காதில் முழுக் கதையையும் சொல்லி, "இவர் தேத்தண்ணி போட்டால் மீன் தெரியுதா எண்டு பாரும் பிள்ளை," என்று முடித்தவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாயத்துக்கு வேறு அளவு கிடையாது. லேசாக இருந்தால் மீன் தெரியும். நன்றாக இருந்தால் மீன் தெரியாது.

வருடங்கள் போய், மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். குளிர்காலம். மாப்பிள்ளையின் அப்பா கோப்பையை வாயில் வைத்து, கூடம் முழுவதும் கேட்கும்படி 'ஸ்ர்ர்ர்' என்று உறிஞ்சினார். எனக்குச் சுயநினைவு வந்தபோது எழுந்து நின்றுகொண்டிருந்தேன். ஸ்வெட்டரைப் பாதி கழற்றியிருந்தேன். தலை உள்ளே மாட்டியிருந்தது.

"என்னங்க சம்பந்தி, வேர்க்குதா?" என்று அவர் கேட்டது கம்பளிக்குள் கேட்டது.

என் மனைவி விளக்கம் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கல்யாணம் நிச்சயமானது. இப்போது சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே கையை நீட்டி, என் ஸ்வெட்டரை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தேத்தண்ணி கேட்கிறார்.