கனகாவின் பயம் பத்திலிருந்து இரண்டான கதை

மாகறல்,
18.8.2006

மரியாதைக்குரிய மச்சான் மோகன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கனகாவின் புருஷன் சேட்டு எழுதிக்கொள்வது. வழக்கமாக முதல் வரியிலேயே நலம் என்று எழுதிவிடுவேன். ஒன்பது மாதமாக அது பொய். இன்று உண்மையாகவே எழுதுகிறேன்: கனகா நலம்.

கார்த்திகை வெள்ளத்தில் நாங்கள் டிவிஎஸ் வண்டியைத் தள்ளிக்கொண்டு செய்யாற்றுத் தரைப்பாலத்தைக் கடந்தபோது தண்ணீர் அவளை என் கையிலிருந்து பறித்துக்கொண்டதும், கரையில் வலையோடு நின்ற செங்கேணி குதித்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டதும் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் மறைத்துவிட்டேன். குழாய்ச் சத்தம் கேட்டாலே அவளுக்கு உடம்பு வெடவெடக்கும். குளியல் கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மழை வந்தால் தெருவுக்கு ஓடி விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொள்வாள். தாயத்து கட்டினேன், பயனில்லை. சத்தம் வராமலிருக்கக் குழாயில் பழைய புடவையைச் சுற்றினேன், எதிர்வீட்டு எல்லம்மாள், "இன்னா சேட்டு, கொயாய்க்குக் காச்சலா?" என்று கேட்டாள்.

கடைசியில் வாலாஜாபாத்துக்குப் புதன்கிழமைதோறும் வரும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். சுனாமியில் பிழைத்தவர்களுக்கும் இதே வைத்தியம் செய்தவராம். இரண்டு வாரம் வெறும் பேச்சு. மூன்றாம் வாரம், அந்த வெள்ளத்தை நினைத்துக்கொண்டே விரலைக் கண்ணால் தொடரச் சொல்லி, இரண்டு விரலை இடமும் வலமுமாக ஆட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரம்மா, அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. எதிர்வூட்டு முருங்கையில எத்தினி காயின்னு இங்கேர்ந்தே சொல்லுவா."

"கண்ணுக்கு இல்லீங்க, பயத்துக்கு. அவங்க மனசுல அந்த வெள்ளம் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. அது முடிஞ்சுபோச்சுன்னு மனசுக்குத் தெரியணும்" என்றவர், பயம் பத்துக்கு எவ்வளவு என்று கனகாவைக் கேட்டார்.

"பத்து" என்று சொல்லி அழுதாள். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு முறை விரல் நின்றதும், இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பாராம். முதலில் தண்ணீர், தண்ணீர் என்றே சொன்னவள், பிறகு செங்கேணியின் கை தெரிகிறது என்றாளாம். ஏழாம் வாரம் கதவுக்கு வெளியே எனக்கே கேட்டது: "கால்ல மண்ணு தட்டுது டாக்டரம்மா. கரை வந்துடிச்சி." அன்றைக்குப் பயம் இரண்டு.

போன வாரம் நல்ல மழை. கம்பத்தை நோக்கி ஓடினேன், ஆளைக் காணோம். பதறி உள்ளே வந்தால், கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருக்கிறாள். "இன்னா பாத்துகினு நிக்கிற? அந்த அண்டாவ எடு!" மச்சான், திட்டு வாங்கி அழுதவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. ஊருக்கு வாருங்கள், குளிக்க வெந்நீர் உங்கள் தங்கையே வைத்துத் தருவாள்.

இப்படிக்கு,
சேட்டு

பின்குறிப்பு: தண்ணீர் பறித்துக்கொண்டது என்று எழுதியது பொய், மச்சான். ஒரு கையில் வண்டி, ஒரு கையில் கனகா. வண்டி சாய்ந்ததும் இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்துவிட்டேன். நேற்று அவளிடமே சொல்லி அழுதேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். பிறகு, "வர்ற பொதங்கெயம நீ உள்ள போய்க் குந்து. நான் வெளிய குந்திகினு கீறேன்" என்றாள்.