கவச மகானின் முகமூடி

கத்தரிக்கோல் குழந்தையின் காதோரம் நுழைந்தது. ஒரே வெட்டு. முகத்தை இறுக்கியிருந்த பிளாஸ்டிக் முகமூடியின் நாடா அறுந்தது. நீலம் பாரித்த உதடுகள் திறந்தன. பிறந்து ஒன்பதே நாளான அந்தப் பெண் குழந்தை வீலென்று அழுத பிறகுதான் அத்தைக்குத் தன் மூச்சே வந்தது.

"அறுத்துட்டியா?" வாசலில் அண்ணி, குழந்தையின் அம்மா. "இனிமே யார் கண்ணு பட்டாலும் நேரா புள்ள மேலதானே விழும்?"

அத்தைக்குத் தொழிலே பச்சிளம் முகங்கள்தான். மஞ்சள் காமாலைக்காக விளக்கொளியில் படுக்கவைக்கும் குழந்தைகளுக்குக் கண்மறைப்பு வடிவமைப்பவள். அது மூக்குப் பக்கம் ஒரு நூலளவு இறங்கினாலும் மாதிரி குப்பைக்குப் போகும். ஒரு கண்மறைப்புக்கு ஏழு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வாள். கண்ணேறு அண்டாது என்று சொல்லி இந்த முகமூடியை விற்ற கவச மகானுக்கு அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. காலையில் கனவு வந்தது, மாலையில் சரக்கு வந்தது.

குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த கையோடு, அடுத்த கவசம் வாங்க அண்ணி மகானின் மண்டபத்துக்குக் கிளம்பினாள். அத்தையும் விடாமல் பின்னாலேயே போனாள்.

மண்டபத்தில் எள் போட இடமில்லை. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் ஒழிந்த ஒரே இடம் அதுதான். மகான் பழைய கவசங்களைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளையாகப் படிந்திருப்பது ராத்திரி முழுக்கப் பிடித்த கண்ணேறாம். கூட்டம் சிலிர்த்தது.

அண்ணி கை நீட்டினாள். அத்தை முந்திக்கொண்டு கவசத்தை வாங்கினாள். அண்ணிக்குக் குடிக்கக் கொண்டுவந்த வெந்நீரைக் குவளையில் ஊற்றி, அதன்மேல் கவிழ்த்தாள். சட்டென்று உள்ளே வெள்ளைப் படலம்.

"ஐயா, இந்த வெந்நீர் மேல யாரு கண்ணு வெச்சாங்க?"

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு பின்வரிசைவரை ஓடியது. அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"வெறும் ஆவி அண்ணி. புள்ள விட்ட மூச்சு வெளிய போக வழியில்லாம அங்கேயே நின்னிருக்கு. அதையேதான் திரும்பத் திரும்ப இழுத்திருக்கா."

மகான் அசரவில்லை. தினமும் மூன்று மணி நேரம் தானும் கவசம் அணிந்துதான் தியானம் செய்வதாகச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், மடியிலிருந்து தன் சொந்தக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். ஆள் வாடவே இல்லை. சிரித்தவர்களே கைகூப்பினார்கள். குழந்தை மறுபடி அந்த முகமூடிக்குள் போகப் போகிறது.

மேடையேறியது அண்ணி. ஆசி வாங்குபவள்போல் நெருங்கி, மகானின் முகத்திலிருந்து கவசத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு விற்பனைக்கு இருந்த ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ஒரு ஓட்டைகூட இல்லையே" என்றாள். "உங்களோடதுல மூக்குக்கு நேரா இருபத்து மூணு இருக்கு. எல்லாம் ஊசியால குத்தினது."

ஆக, மூச்சு முட்டும் என்பது மகானுக்கு முதலிலேயே தெரியும். பேசத் தெரியாத குழந்தையின் முகத்தில் மாட்டிய இத்தனை பெரியவர்களில், அதை ஒரே ஒரு நிமிடம் தன் முகத்தில் மாட்டிப் பார்த்தவர் எவருமில்லை.