சலூன் சுவரில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரன்

கோல் அண்ணை, நீங்கள் போய்விட்டீர்கள் என்று இன்னும் நம்ப முடியவில்லை. பாரிஸ் லாச்சப்பலில் உங்களிடம் முடிவெட்டப் போய், உதைபந்துக் கதை கேட்காமல் திரும்பிய ஆம்பிளை ஒருவர்கூட இல்லை.

அண்ணையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் அவருடைய சலூனில் பக்கத்து நாற்காலியில் முடிவெட்டுகிறேன். அவருடைய கண்ணாடிக்கு மேலே மீசைக்கார வெள்ளைக்காரன் ஒருவனின் படம் தொங்கும். மாலை, சந்தனப்பொட்டு எல்லாம் உண்டு. நூறு வருசத்துக்கு முந்திய ஸ்கொட்லாந்துப் பந்துக்காரன். பழைய சாமான் சந்தையில் படத்தை விற்றவன்தான் கதையையும் சொன்னானாம்.

அண்ணை காதோரம் வெட்டும்போது அவன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருப்பான். பிடரிக்கு வரும்போது இங்கிலாந்தில் சம்பளத்துக்கு விளையாடுவான். பெனால்டி வந்தால் கத்தரிக்கோல் நின்றுவிடும்.

“அண்ணை, நான் செவ்ரானுக்குப் போற ட்ரெயின் போகப்போகுது.”

“பொறும் தம்பி. அவன் இன்னும் அடிக்கேல்லை.”

அரைத் தலையோடு யார் எழும்பிப் போவது?

பிறகு அந்தப் பந்துக்காரன் சண்டைக்குப் போய் முழங்காலில் குண்டுபட்டு, பாரிசுக்கு வந்து பெடியளுக்குப் பந்து பழக்கி, உறவு ஒருவரும் இல்லாமல் இங்கேயே செத்தானாம். அண்ணைக்கும் ஒருவரும் இல்லை. அதனால் ஆடி அமாவாசைக்கு அவனுக்கு இலை போட்டுப் படைப்பார். அந்தப் படையலுக்கு வேண்டிய காத்தோட்டிக்காய் தேடி ரூ காய்க் கடைத்தெரு முழுக்க அலைவார்.

“உந்தக் கசப்புக் காயை வெள்ளைக்காரன் தின்னுவானோ அண்ணை?”

“தின்னாட்டிப் புறா தின்னட்டும். படைக்க ஆள் இல்லாமல் ஒருத்தனும் போகக்கூடாதடா.”

போன வருசம், பழைய பந்துப் படங்கள் சேர்க்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவர் முடிவெட்ட வந்தார். படத்தைக் கழற்றச் சொன்னார். சட்டத்துக்குள் மறைந்திருந்த கையில் ஒரு கொடி.

“உவர் பந்துக்காரன் இல்லையாம் அண்ணை. லைன்ஸ்மனாம், கோட்டில நிண்டு கொடி காட்டுறவர்,” என்று நான்தான் சொன்னேன்.

சலூனே சிரித்தது. அண்ணை நாற்காலியில் இருந்துவிட்டார்.

“அப்ப இவ்வளவு காலமும் நான் ஆருக்கடா வடை சுட்டனான்?”

படத்தை எறிந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதைத் துடைத்துத் திரும்ப மாட்டினார்.

“பாவம், உவருக்கு மட்டும் ஆர் இருக்கினம்? இந்தமுறை பந்துக்காரனுக்கும் உவருக்குமாய் ரெண்டு இலை போடுவம்.”

போட்டோம். லைன்ஸ்மனுக்கு வடை ஒன்று கூட.

இந்தச் சித்திரையில் அண்ணையின் நெஞ்சு நின்றுவிட்டது. வருகிற ஆடி அமாவாசைக்கு நான் மூன்று இலை போடுவேன். எனக்குத் தேவாரம் பாடத் தெரியாது. தெரிந்தவர்கள் சலூனுக்கு வாருங்கள். வரமுடியாதவர்கள் இருக்கிற இடத்திலிருந்தே எங்கள் அண்ணைக்காக ஒருக்காக் கும்பிடுங்கள்.