கடுகு அண்ணாச்சி இரக்கப்படக் கிளம்பினார்

இந்தப் புனே நகரத்தில் கடுகு அண்ணாச்சியைப் போல ஒரு கோபக்காரரை நான் பார்த்ததில்லை. அவரைப் போல இரக்கமுள்ள ஆளையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஆள் என்பதுதான் தாபோடிப் பகுதியில் எங்கள் கட்டடத்தில் குடியிருந்தவர்களுக்குப் பெரிய சங்கடமாக இருந்தது.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். தொழிற்சாலையில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகியதால், ஓய்வு பெற்ற பிறகும் குரல் இறங்கவில்லை. எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி வெடிப்பார் என்பதால் யாரோ அந்தப் பெயரை வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. காலையில் அவர் ஜெபம் செய்யத் தொடங்கினால் மாடியில் எனக்கு அலாரம் தேவையில்லை.

அந்த ஜெபத்தில் ஒரு விசேஷம் உண்டு. தினமும் தனக்குப் பிடிக்காத ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பார். "இன்னைக்கு இவன்கிட்ட இரக்கமா நடக்கப் போறேன் ஆண்டவரே, என் வாயை நீர்தான் பாத்துக்கிடணும்" என்பார். மற்றதையெல்லாம் கேட்ட ஆண்டவர் அந்த வாயை மட்டும் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

"பிடிச்ச ஆளுக்குச் செய்யலாமே அண்ணாச்சி" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எதுக்கு வே? பிடிச்சவனுக்கு எவனும் செய்வான். எனக்கு இயல்புலயே இரக்கம் கெடையாது. ஆண்டவரு இரக்கமா இருங்கன்னுதான் சொன்னாரு. இரக்கம் வரும்போது இருங்கன்னு சொல்லல."

குளிர்காலத்தில் ஒருநாள் எங்கள் வாட்ச்மேன் தேர்வானார். தூங்கிப்போய்க் கேட்டைத் திறக்க மறப்பதால் அண்ணாச்சிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அன்று தன் புது ஸ்வெட்டரோடு இறங்கி, "போடுல இத" என்று தமிழிலேயே உறுமினார். வாட்ச்மேன் பயந்து ஓட, அண்ணாச்சி ஸ்வெட்டரை ஆட்டிக்கொண்டு துரத்த, பால்கனிகளில் கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் தண்ணீர் டாங்கி ஓரத்தில் மடக்கிப் பிடித்து மாட்டிவிட்டார். ஏதோ தண்டனை என்று நினைத்து, பாவம், அந்த வாட்ச்மேன் மார்ச் மாதம் வரை அதைக் கழற்றவில்லை.

இன்னொரு நாள் அவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். தப்பான பக்கத்தில் வந்த ஒரு பைக்காரர் எங்களை உரசிக்கொண்டு நின்றார். அண்ணாச்சியின் கழுத்து நரம்பு புடைத்தது. "நல்லா இருல. உன் பிள்ளைகுட்டியெல்லாம் நூறு வயசு நல்லா இருக்கட்டும்ல" என்று தெரு அதிரக் கத்தினார். பைக்காரர் சண்டைக்கு இறங்கிவிட்டார். டிராபிக் போலீஸ்காரர் ஓடி வந்து, அண்ணாச்சி என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். மராத்தியில் அப்படியே சொன்னேன். அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, "வாழ்த்துறதுக்கு எதுக்குய்யா இவ்வளவு கோபம்?" என்றார்.

போன வருஷம் அவர் மனைவி கிரேஸ் அக்கா காய்கறி வாங்கப் போனபோது, பின்னால் வந்த டெம்போ ஒன்று பார்க்காமல் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். கைத்தடியோடுதான் வீட்டுக்கு வந்தார். ஓட்டியவன் சந்தோஷ் என்று ஒரு பையன், பக்கத்துத் தளேகாவ் ஊரைச் சேர்ந்தவன். கேஸ் நடந்துகொண்டிருந்தது.

சில நாட்கள் கீழ் வீட்டில் ஜெபச் சத்தமே கேட்கவில்லை. அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது. பிறகு ஒரு காலையில் கேட்டது. குரல் தடுமாறியது. "சந்தோஷ்" என்ற பெயரில் நின்றது.

கொஞ்ச நேரத்தில் டிபன் கேரியரோடு என் வாசலில் நின்றார். "மராத்தி பேச ஆள் வேணும். கெளம்பும்."

லோக்கல் ரயிலில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். தளேகாவில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. எங்களைப் பார்த்ததும் சந்தோஷின் அம்மா வாசலை மறித்துக் கைகளை விரித்து நின்றார். அவருக்குப் பின்னால் மெலிந்த பையன் ஒருவன் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தான். அண்ணாச்சியின் முகம் சிவந்தது.

"சாப்பிட்டானான்னு கேளும் வே" என்று கத்தினார்.

கேட்டேன். அந்த அம்மா கைகளை இறக்கிவிட்டு அழுதார். கேரியரை வாசலில் வைத்துவிட்டு அண்ணாச்சி திரும்பி நடந்தார்.

ரயிலில் கேட்டேன். "மன்னிச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"இல்ல வே. அவன் மூஞ்சியப் பாத்ததும் கிரேஸ் ரோட்டுல கெடந்ததுதான் கண்ணுக்கு வந்துச்சு."

"அப்ப எதுக்குப் போகணும்?"

"மனசு வந்த பெறவு போகலாம்னா நான் செத்த பெறவுதான் போவேன். கால் முன்னால போகட்டும். மனசு பின்னால மெதுவா வரட்டும்."

அதற்குப் பிறகு பல தடவை போனோம். மீன் குழம்பு போனது, இடியாப்பம் போனது. திட்டும் கூடவே போனது. நான் குழம்பை மட்டும் மொழிபெயர்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, அந்தப் பையன் விபத்துக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. உட்கார்ந்தாலே கை நடுங்குகிறதாம். வேலை இல்லை.

இதைக் கேட்ட கிரேஸ் அக்கா என்னைக் கூப்பிட்டார். "இவுக போய்க் கத்துனா அவனுக்கு இன்னும்லா நடுங்கும் தம்பி. ஞாயித்துக்கிழமை நான் கோயிலுக்கு அவன் வண்டிலதான் போவேன். வரச் சொல்லுங்க."

அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அக்காவின் கைத்தடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

சந்தோஷ் பழைய முதலாளியிடம் கேட்டு டெம்போவைக் கொண்டுவந்தான், நண்பனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தபடி. எங்கள் வாசலில் நண்பன் இறங்கிக்கொண்டான். அக்கா தடியை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் ஏறினார். பக்கத்தில் அண்ணாச்சி. நான் பின்னால் சாமான் ஏற்றும் இடத்தில் நின்றேன். சந்தோஷ் சாவியைத் தொட்டுத் தொட்டு எடுத்தான்.

"சலோ பேட்டா. தீரே தீரே" என்று மெதுவாகப் போகச் சொன்னார் அக்கா, சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி.

வண்டி நகர்ந்தது. நடந்து போனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அண்ணாச்சி கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. சர்ச் வாசலில் சந்தோஷ் இறங்கி வந்து, கொஞ்சம் தயங்கி, அக்காவை இறக்கக் கையை நீட்டினான். அக்கா பிடித்துக்கொண்டார். அந்த இரண்டு கைகளையும் அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார்.

"வெயில்ல நிக்காத. உள்ள வா" என்று பையனிடம் சொன்னார். மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை ஜெபத்தில் மறுபடி சந்தோஷ் பெயர். "அதான் நேத்தே எல்லாம் சரியாயிட்டே அண்ணாச்சி" என்றேன்.

"நேத்து சாப்பிட்டா இன்னைக்குப் பசிக்காதா வே? தெனமும்தான் செய்யணும்" என்று எரிந்து விழுந்தார்.

சந்தோஷ் இப்போது மறுபடி டெம்போ ஓட்டுகிறான். நாங்கள் அதே புனேயில் லோஹேகாவுக்குக் குடிபோய்விட்டோம். இங்கே எல்லோரும் இங்கிதமாக, தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதாவது காரணம் சொல்லி தாபோடிக்குக் கிளம்பிவிடுகிறேன். அந்த மனுஷனிடம் கொஞ்ச நேரம் திட்டு வாங்கிவிட்டு வந்தால்தான் எனக்கு ஒரு வாரம் நிம்மதியாக ஓடுகிறது.