முத்துத் தராசில் ஒட்டிய புளி

தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டியிருந்தது.

வீரபாகு கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். சந்தேகமே இல்லை, புளியேதான். ஸ்ரீவைகுண்டத்தில் முப்பது வருஷமாக மளிகைக் கடை நடத்துகிறவருக்கு, தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவது எதற்கென்று சொல்லியா தர வேண்டும்? அதுவும் எங்கே? தூத்துக்குடிக் கலங்கரை விளக்கத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில், அந்தக் காலத்தில் முத்து நிறுத்த பித்தளைத் தராசில்!

"அடப் பாவிகளா, முத்துலயுமா?"

கை சும்மா இருந்ததா? தடுப்புக் கயிற்றுக்கு மேலே எட்டி, நகத்தால் ஒரே சுரண்டு. புளி கையோடு வந்துவிட்டது. அதுவரை நேராக நின்ற தராசு டங்கென்று வலப்பக்கம் சாய்ந்தது.

வீரபாகு சட்டென்று வாசலைப் பார்த்தார். வேறு நாளாக இருந்தால் போகிறது என்று விட்டிருப்பார். இன்று மகள் உமாராணியும், அவளுக்குப் பார்த்திருக்கும் சிவப்பிரகாஷும் தனியாகப் பேசிப் பார்க்க விளக்கின் உச்சிக்கு ஏறியிருக்கிறார்கள். பையனின் அப்பா பாண்டித்துரை தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் புளி மண்டி வைத்திருப்பவர். நேர்மைக்குப் பெயர்போனவர். பெண்ணுக்கு ஆறு மாசம் வயதைக் குறைத்துச் சொன்னார்கள் என்று ஒரு சம்பந்தத்தையே தட்டிக்கழித்த மனுஷர். தூசி ஒத்துக்கொள்ளாது என்று மாஸ்க் மாட்டிக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். "லைட் ஹவுஸ் பாத்தாப் போதாதா, மியூசியம் எதுக்கு?" என்று வந்ததிலிருந்தே முணுமுணுப்பு வேறு.

இது அவர் கண்ணில் பட்டால் கல்யாணம் அவ்வளவுதான்.

புளியைத் திரும்ப ஒட்டிப் பார்த்தார். காய்ந்த புளி, எச்சில் தொட்டும் ஒட்டவில்லை. இடத்தட்டில் ஒரு பெப்பர்மின்ட்டைப் போட்டார். தராசு அசையவே இல்லை. பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டார். இப்போது இடத்தட்டு தொபுக்கென்று இறங்கி மேசையில் மோதியது.

"அங்க என்ன சத்தம்?" உள்ளறையில் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஊழியர் பேச்சிச்செல்வி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, இருமல்!"

பையைத் துழாவினார். மிஞ்சியிருந்தது மாப்பிள்ளைக்கென்று வாங்கிய அரைப் பவுன் மோதிரம். மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு அதை வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது பாருங்கள், தராசுக்கு முத்திரை குத்தும் அதிகாரியே வந்தாலும் குறை சொல்ல முடியாது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"அண்ணாச்சி!"

பின்னால் பாண்டித்துரை. வீரபாகு தராசை முதுகால் மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"பிள்ளைய ரெண்டும் சிரிச்சுக்கிட்டே எறங்கி வாராவ. எங்களுக்குச் சம்மதம். நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிசந்தான் இருக்கு. மோதிரத்தை எடுங்க."

"எடுக்கேன்... இங்கன எதுக்கு? கோயில்ல வச்சுப் போடுவோமே."

"மோதிரம் கையோட கொண்டாந்திருக்கேன்னு காலையில சொன்னியளே. அது பொய்யா?"

பொய் என்று கேட்டதும் வீரபாகுவுக்கு வேர்த்துக் கொட்டியது. தராசைப் பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். விரல் தட்டின் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்தார். தராசு மொத்தமும் தடாலென்று தரையில் விழுந்தது.

"ஐயையோ!" பேச்சிச்செல்வி ஓடி வந்தாள். இறங்கி வந்த பிள்ளைகள் வாசலிலேயே திகைத்து நின்றார்கள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? வீரபாகு கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பு எம்மேலதான் தாயி. தட்டுக்கு அடியில புளி இருந்துச்சு. கடைக்காரன் கை, தாங்கல, சொரண்டிட்டேன். அண்ணாச்சி, நீங்க என்னைய என்ன வேணாலும் பேசுங்க. எம்மவ மேல ஒரு குத்தமும் இல்ல."

பாண்டித்துரை மாஸ்க்கை மட்டும் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தப் புளியவா சொரண்டுனிய? ஆபீசர் வந்து கேமராவுல ஆளப் பாக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாதுன்னுல்லா..." என்று ஆரம்பித்த பேச்சிச்செல்வி சட்டென்று நிறுத்தினாள். பாண்டித்துரையின் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாள்.

"மாஸ்க்கக் கழத்துங்க அண்ணாச்சி. போன ஞாயித்துக்கெழம தட்டோட ஓரத்த ஒடச்சுப்புட்டு, எடய நேராக்கப் புளிய ஒட்டிட்டு, என்னையக் கண்டதும் நழுவுனது நீங்கதான?"