திருவாளர் இளையதம்பியின் கைபடா மோட்டர்

நீர்வேலியில் வாழைத்தோட்டத்து உரிமையாளரும், எவர்முன்னும் கைகட்டி நில்லாது கணினியைத் தாமே கற்றுத் தெளிந்தவருமாகிய திருவாளர் வேலுப்பிள்ளை இளையதம்பி அவர்களுக்கு, இக்கதை நிகழுங்காலத்தில் அகவை அறுபத்தெட்டு. அவருடைய முழங்காலுக்கு மட்டும் எண்பது.

அம்முழங்காலே கண்டுபிடிப்பின் தாய். விடிந்தால் கிணற்றடிக் கொட்டிலுக்கு நொண்டிப் போய் மோட்டரைப் போடுவதில் சலித்துப்போன இளையதம்பி, பழைய கைத்தொலைபேசி ஒன்றைக் கொட்டிலில் மாட்டி, யூடியூப் பார்த்து நாலு வயரைப் பொருத்தினார். அன்றிலிருந்து முன்விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடியே அந்த இலக்கத்துக்கு அழைப்பார். வீட்டின் பின்னால் மணி அடிக்கும். சற்றுத் தாமதித்து மோட்டர் உறுமும். சொட்டுக் குழாய்களில் நீர் ஏறும். தாமதம் ஏனென்றால், வலையமைப்புப் பலவீனம். மனைவி ஞானாம்பிகை குசினியில் மீன் பொரிக்கும்போது தாமதம் இன்னுங் கூடியது. எண்ணெய்ப் புகை அலைகளை மறிப்பதாக இளையதம்பி விளங்கிக்கொண்டார்.

ஒருநாள் இணையத்தில், தகவல் தொழினுட்பத்தைச் சிறப்புறக் கையாள்வோர்க்கான சர்வதேச விருது ஒன்று அவர் கண்ணிற் பட்டது. விவசாயப் பிரிவுக்கு விண்ணப்பித்தார். "உலகின் எந்த மூலையிலிருந்தும், மனிதக் கை படாமலே, என் தோட்டம் இறைபடும்" என்று எழுதி, மோட்டர் உயிர்பெறும் காணொளி ஒன்றையும் இணைத்தார்.

அதே நாட்களில் குசினியிலே மல்லியும் மிளகும் வறுபடும் வாசனை.

"என்னப்பா வறுக்கிறீர்?" என்று மனைவியிடம் கேட்டார் இளையதம்பி.

"சரக்கு. பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிறது."

"இஞ்சை ஆர் பிள்ளை பெத்தது?"

"ரொறன்ரோவிலை உங்கடை மகள் தனுஷிகா பெறப்போறாள். நான் போகவேணும்."

"தோட்டத்தை விட்டிட்டு எங்கை போறது?" என்றார் இளையதம்பி. கலியாணமான நாள்முதல் எல்லாப் பயணங்களையும் தடுத்து வந்த வாசகம் அது. உண்மையில் தடுத்தது தோட்டமன்று, புட்டு. அதை அவிக்க அவருக்குத் தெரியாது.

ஞானாம்பிகை அகப்பையாற் சரக்கைக் கிளறினார்.

ஆவணி மாதத்தில் நடுவர்களின் மின்னஞ்சல் வந்தது. இறுதிச் சுற்றுக்குத் தெரிவு. ஒரே நிபந்தனை: வேறொரு நாட்டிலிருந்து ஒருவர் அழைக்க வேண்டும்; தோட்டத்தில் நீர் பாய்வதை நடுவர்கள் நேரடிக் காணொளியிற் பார்க்க வேண்டும்.

"வெளிநாட்டிலையிருந்து ஆரைப் போன் அடிக்கச் சொல்லுறது?" இளையதம்பி தலையைச் சொறிந்தார். "மகளுக்கு இப்ப ஏலாது. மருமோன் வேலை, வேலையெண்டு ஓடித்திரியிறவன்."

"நான் போய் அடிக்கிறன்."

"நீரோ?"

"உங்கடை மெசினுக்கு என்ரை விரல்தானே பழக்கம்."

அதன் பொருள் அவருக்கு அன்று விளங்கவில்லை. "விசா எடுக்க மாசக்கணக்காகுமப்பா."

"எடுத்தாச்சு. மருமோன்தான் எல்லாம் செய்தவர்."

"அப்ப தோட்டத்தை ஆர் பாக்கிறது?" பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"மனிசக் கை வேண்டாமெண்டு உலகத்துக்கு எழுதினது நீங்கள். பொய்யெண்டால் சொல்லுங்கோ, பெட்டியை அவிழ்க்கிறன்."

பெட்டி அவிழ்க்கப்படவில்லை. அடுத்த கிழமை சரக்குத்தூளோடு ஞானாம்பிகை விமானம் ஏறினார்.

மறுநாட் காலை இளையதம்பி கதிரையிற் சாய்ந்து அழைத்தார். மணி அடித்தது. வலையமைப்புக்கு அவகாசம் கொடுத்தார். மறுபடி அழைத்தார். மணி மட்டும் அடித்தது. வீட்டில் மீன் பொரிப்பார் யாருமில்லை. பெருமூச்செறிந்து, முழங்காலைத் தடவி, நெடுநாளைக்குப் பின் கொட்டிலுக்கு நடந்தார்.

வயர்கள் கருகியிருந்தன. நடுவே ஒரு பல்லி, வடகம் போலக் காய்ந்து கிடந்தது. கொட்டில் முழுதும் தூசி. மோட்டர்ப் பொத்தானில் மாத்திரம் தூசியில்லை. அதில் மஞ்சட்கறை, பெருவிரல் அளவில்.

அவர் ரொறன்ரோவுக்கு அழைத்தார்.

"இஞ்சாரும், வயர் எரிஞ்சு எவ்வளவு காலம்?"

"போன மாரி மழையோடை."

"ஏன் சொல்லேல்லை?"

"போனை அமத்திப்போட்டுக் கதிரையிலை ஒரு சிரிப்புச் சிரிப்பீங்கள். அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

"வெள்ளிக்கிழமை நடுவர்மார் பாக்கப்போயினம். நான் விலகப்போறன்."

"ஏன் விலகிறீங்கள்? நான் இஞ்சையிருந்து அடிக்கிறன். மணி கேட்டவுடனை நீங்கள் போய்ப் போடுங்கோ."

"அது மோசடியெல்லே?"

"கோடை முழுக்க நான் ஓடிஓடிப் போடேக்கை அதுக்குப் பேர் கண்டுபிடிப்பு."

இளையதம்பி காணொளிக் கருவியைத் தேடி எடுத்தார்.

வெள்ளியன்று காணொளிக் கருவி வாழைகளைப் பார்த்து நின்றது. மணி அடித்தது. அவர் எழுந்து, நொண்டி, கொட்டிலை அடைந்து, மஞ்சட்கறையின்மேல் விரலை வைத்தார். நீர் பாய்ந்தது. நடுவர்கள் கைதட்டியதாகவும் அவருக்குத் தோன்றியது.

விருது வேறு நாட்டாருக்குப் போயிற்று. இளையதம்பிக்கு வந்தது நடுவர்களின் குறிப்பு மட்டும்: "கருவி நன்று. ஆயினும் முன்னர் அனுப்பிய காணொளியில் இதைவிட வேகமாக இயங்கியது."

அன்றிரவே அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். "விருதும் கைவிட்டுப் போட்டுது. இனி வாருமன்."

"பேரன்ரை தலையிலை பல்லுக்கொழுக்கட்டை கொட்டாமல் எப்பிடி வாறது?"

"பிறந்து பத்து நாளாகேல்லை. பல்லு எப்ப முளைக்கிறது?"

"முளைக்கேக்கை முளைக்கட்டும். வாழை வாடாது, நீங்கள் யோசியாதேங்கோ. எனக்குப் படுக்கப் போற நேரம் உங்களுக்கு இறைக்கிற நேரம். நாளும் மறக்காமல் அடிக்கிறன்."

சொன்ன சொல் தவறவில்லை. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பதினோராந் திகதி, புதன்கிழமை காலை, ரொறன்ரோவில் ஒரு விரல் அமத்த, நீர்வேலியில் கருவியானது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பிற்று.