சிவப்பு விளக்கு எரிகிறது, மாப்பிள்ளை

சுங்குவார்சத்திரம்,
விஜயதசமி, பிற்பகல் மூன்று மணி.

அன்புள்ள மாப்பிள்ளை விமல் அவர்களுக்கு,

மாமனார் தேவநாதன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை காஞ்சனாவும் மகள் பூர்ணிமாவும் குழந்தையும் நலம். வீட்டில் நலமில்லாதவர் ஒருவர்தான். அவர் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டி. நேற்று மதியத்திலிருந்து அவருக்குச் சிவப்பு விளக்கு எரிகிறது.

பக்கத்து ஒரகடத்துத் தொழிற்சாலையில் நேற்றிலிருந்து அடைபட்டிருப்பவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். உங்கள் செல்போனை வாசல் லாக்கரில் வாங்கி வைத்துவிட்டார்கள். கம்பெனி போனும் அந்த நெட்டில்தான் ஓடுமாம், அதுவும் படுத்துவிட்டதாம். இதையெல்லாம் சொன்னவரும் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவரும் கம்பெனி பஸ் ஓட்டும் அருள்பாண்டி. "நேத்து சாயங்காலத்துலேர்ந்து புரொடக்சன் லைன் நின்னு கெடக்கு சார். வயர் கனெக்‌ஷன் எல்லாம் உங்க மருமகன் குடுத்ததுன்னு மேனேஜர் அவரைப் போட்டு வறுத்து எடுக்காருல்லா" என்றார். கேட்டதும் உங்கள் அத்தைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சாப்பிட்டேன். உங்கள் வேலை சுத்தமானது என்பது எனக்குத் தெரியும்.

என் கவலை பூர்ணிமாவைப் பற்றியது. நாளைக் காலை பத்து மணிக்கு அவளுக்கு வீடியோவில் கடைசி இன்டர்வியூ. குழந்தைக்காக வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது; எழுபது விண்ணப்பம் போட்டு வந்த ஒரே அழைப்பு. செல்போன் சிக்னலோ மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டுந்தான் கிடைக்கிறது. "அங்கியே நாற்காலி போட்டு உக்காரட்டுமே, காத்தும் வரும்" என்று உங்கள் அத்தை சொன்னாள். பூர்ணிமா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவைச் சாத்தினால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்கும் தெரியும்.

ஆகவே நானே களத்தில் இறங்கினேன். பெட்டியைப் பதினோரு தடவை அணைத்துப் போட்டேன். பிறகு நீங்கள் நடத்திய பாடத்தை நினைவுபடுத்திக்கொண்டேன். வீட்டுக்கு வருவது ஒரே கண்ணாடி இழை, போவதும் வருவதும் அதிலேயே. கம்பெனியில் போக ஒன்று, வர ஒன்று. தூரத்துக்கு மெல்லிய மஞ்சள் கேபிள், ஒரே கட்டடத்துக்குள் என்றால் கொஞ்சம் அகலமான இழை. எனக்கு உடனே நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. பிள்ளைகளை ஒற்றை வரிசையில் நடத்தினால் வல்லக்கோட்டைக் கோயில் வரைக்கும் ஒழுங்காகப் போவார்கள். மணி அடித்துக் கூட்டமாக விட்டால் கேட்டைத் தாண்டும் முன்பே மோதிக்கொள்வார்கள். சரிதானே?

கேபிளை மடக்கக் கூடாது என்றும் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். போய்ப் பார்த்தால் ஜன்னல் ஓரம் அதன்மேல் இரண்டு பாவாடையும் ஒரு துண்டும் காய்கின்றன. "ஒரு நாளும் இல்லாம இன்னிக்கா அதுக்கு வலிக்குது?" என்றாள் உங்கள் அத்தை. எடுத்துப் பார்த்தோம். சிவப்புதான். அடுத்து, உங்கள் பையிலிருந்த உபரி வயரை எடுத்துச் செருகினேன். பழைய வயரின் தலை பச்சை, இதன் தலை நீலம். நிறத்தில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே போனது; வெளியே வர மறுத்தது. காஞ்சனாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் வயர் வந்தது, கூடவே பெட்டியும் சுவரை விட்டு வந்தது. பழைய வயரையே மறுபடி மாட்டிவிட்டேன். பெட்டி இப்போது அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

தெய்வக் குற்றமோ என்று சந்தேகப்பட இடமே இல்லை. நேற்றுக் காலை நீங்கள் ஷிப்டுக்குப் போன பிறகு ஆயுத பூஜையை நானே குறைவில்லாமல் செய்தேன். மிக்சி, தையல் மெஷின், உங்கள் பைக், எதையும் விடவில்லை. பெட்டிக்கு மேலாக ஒரு பொட்டு வைப்பது ஒப்புக்குச் செய்வது. மாட்டுப் பொங்கலுக்கு மாட்டை விட்டுவிட்டுத் தொழுவத்துக்கா மாலை போடுகிறோம்? வயரைப் பக்குவமாகக் கழற்றி, ஒளி வருகிற அந்த வெள்ளை முனையிலேயே சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, திரும்ப மாட்டினேன். உங்கள் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் எதிர்வீட்டு அம்சவல்லிகூட முந்தாநாள் வந்து, "சார், இந்த வாட்டி பூஜை என் பொறுப்பு. அந்த வயர் ரூமுக்கு எப்படி சார் பொட்டு வெக்கிறது?" என்று கேட்டார். இதே உதாரணத்தைச் சொல்லி விளக்கினேன். அக்கறையுள்ள பெண், இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே, மேலாளரிடம் அனுமதி கேட்டு இன்றிரவுக்குள் ஓர் அரைமணி நேரம் வந்து போங்கள். அவருடைய லைன் ஒரு நாள் பொறுக்கும். பூர்ணிமாவின் பத்து மணி பொறுக்காது.

நீங்கள் தொட்ட இணைப்பெல்லாம் துலங்கட்டும் என்று வாழ்த்தும்,
தேவநாதன்.

பி.கு. வர வேண்டாம்! நெட் கம்பெனி அன்பு இப்போதுதான் வந்தார். பூதக்கண்ணாடி வைத்த சின்னக் கருவியில் வயர் முனையைப் பார்த்தார். "நல்லா இருந்தா பௌர்ணமி நிலா மாதிரி தெரியும் சார். இங்க செவ்வாய் கிரகம் தெரியுது" என்றார். தூசு ஒன்று ஒட்டினாலே ஒளி திணறுமாம். நான் முழு அபிஷேகம் செய்திருக்கிறேன். ஏதோ ஒரு திரவத்தில் துடைத்து, எதிரே இருந்த துளையையும் சுத்தம் செய்து மாட்டினார். பச்சை விளக்கு. பூர்ணிமா சிரித்துவிட்டாள், அத்தை சாப்பிட உட்கார்ந்துவிட்டாள். இந்த முறை எனக்குத்தான் இறங்கவில்லை. ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, எத்தனை முனைக்கு வைத்தீர்கள் என்று கேட்டேன். "நூத்தி நாப்பத்திநாலு சார். ஒண்ணுகூட வுடல. எடுத்த ஓட்டைலயே கரெக்டா சொருகிட்டேன்" என்றார்.

அருள்பாண்டி ஹாரன் அடிக்கிறார். மாப்பிள்ளை, அங்கே உங்கள் வயர் முனைகளில் ஒன்றைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். மைசூர் சந்தனம். இந்தக் கடிதத்தை அப்படியே மேலாளரிடம் காட்டுங்கள். அம்சவல்லியை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சொன்னதைச் சொன்னபடியே செய்த மாணவி, முப்பத்தி நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அவர் ஒருவர்தான்.